அழுத்தமானியைக் குளிப்பாட்டியது யார்?

அத்தியாயம் 3

முந்தைய இரண்டு அத்தியாயங்களைத் தவறவிட்டவர்கள் வருத்தப்பட வேண்டாம். அவற்றில் காணாமல் போன ஓர் ஆட்டைத் தேடினோம். ஆடு தானாகவே வீட்டுக்குப் போய்விட்டது. நாஹர்ஜானின் ஒரே தனியார் துப்பறியும் நிறுவனத்துக்கு அந்த மாதத்தின் பெரிய வெற்றி அதுதான்.

நிறுவனம் என்றால் இரண்டு பேர். முதலாளி நிருபமா ஹந்திகை. ஊரில் எல்லோருக்கும் அவர் பைதேவ், அதாவது அக்கா. இருபது வருடம் எண்ணெய்க் கிணறுகளைச் சோதித்துவிட்டு இப்போது மனிதர்களைச் சோதிக்கிறார். இரண்டாவது ஆள் நான், திகந்த மோரான். ஸ்கூட்டர் ஓட்டுவது, தேநீர் போடுவது, பைதேவ் சொல்வதை மறுத்துப் பேசுவது ஆகியவை என் வேலை. கடைசி வேலைக்காகத்தான் என்னை வைத்திருப்பதாக அவரே ஒருமுறை சொன்னார். முதல் இரண்டும் எனக்குச் சரியாக வராதாம்.

கிணற்றைச் சோதிப்பதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை என்பார் பைதேவ். கொஞ்ச நேரம் ஓடவிடு. பிறகு மூடு. மூடிவிட்டு வாயையும் மூடிக்கொண்டு உட்கார். அடியில் தொங்கும் அழுத்தமானி, அழுத்தமும் சூடும் எப்படி ஏறுகின்றன என்று பதிவு செய்துகொண்டே இருக்கும். அந்தக் கோட்டைப் பார்த்தால் பூமிக்குள் எவ்வளவு சரக்கு இருக்கிறது, எங்கே அடைத்திருக்கிறது என்று தெரிந்துவிடும். ஆட்களிடமும் அவர் இதையேதான் செய்கிறார். முதலில் பேசவிடுவார். பிறகு திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு வெற்றிலைபாக்கு மென்றுகொண்டு உட்கார்ந்துவிடுவார். எதிரே இருப்பவருக்குள் அழுத்தம் ஏறும். ஒரு சப்-இன்ஸ்பெக்டர், யாரும் கேட்காமலே, தான் பத்தாம் வகுப்பில் காப்பியடித்ததை ஒப்புக்கொண்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

புதன்கிழமை காலை எங்கள் அலுவலகத்துக்குள் பபரி துவரா நுழைந்தாள். பெட்ரோலியக் கல்லூரியில் முதுகலைப் பொறியியல் கடைசி வருடம். அழுது முடித்துவிட்டுக் கோபத்துக்கு வந்திருந்த முகம்.

விஷயம் இதுதான். ஆற்றுக்கு அக்கரையில் உள்ள ஒரு பழைய கிணற்றைச் சோதிப்பது அவளுடைய ஆய்வு. அதற்காக எண்ணெய்க் கம்பெனி ஒன்று கல்லூரிக்கு அழுத்தமானியைக் கடனாகக் கொடுத்திருந்தது. அது கிணற்றுக்குள் சில நாள் தொங்கிவிட்டு, சனிக்கிழமை வெளியே வந்தது. அவளே பெட்டியில் வைத்து ஸ்டோர் ரூமில் பூட்டினாள். பேட்டரியைக் கழற்றும் வரை அது பதிவு செய்வதை நிறுத்தாது. துறைத்தலைவர் புகன் சார் முன்னிலையில் திங்கட்கிழமைதான் கழற்ற வேண்டும் என்பது வழக்கம். அப்படியே செய்தார்கள். பதிவைப் புகன் சாரே கணினியில் பார்த்து அச்சிட்டுக் கொடுத்தார். கிணற்றின் கோடு ஒழுங்காக வந்தது. அதற்குப் பின்னால் அங்கே இருக்கவே கூடாத இன்னொரு கோடும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, பூட்டிய அறைக்குள், அழுத்தமானி நூற்று இருபது டிகிரி வரை சூடாகியிருந்தது.

ஸ்டோருக்கு இரண்டே சாவி. ஒன்று பபரியிடம், இன்னொன்று புகன் சாரிடம். சாருடைய சாவியைச் சந்தேகிக்க யாருக்கும் தோன்றவில்லை. எனவே பபரிதான் கருவியை வெளியே எடுத்து ஏதோ விளையாடியிருக்கிறாள் என்று கமிட்டி போட்டார்கள். மதியம் கமிட்டி கூடுகிறது. முடிவு அவளுக்கு எதிராக வந்தால் ஆய்வு நிராகரிக்கப்படும். இரண்டு வருட உழைப்பு போகும். கம்பெனியில் கிடைக்கவிருந்த வேலையும் போகும்.

"ஞாயித்துக்கிழமை பூரா நான் ஹாஸ்டல்ல துணி தோச்சுட்டு இருந்தேன் பைதேவ். அதுக்கு என் துணிதான் சாட்சி."

"காஞ்ச சாட்சியா, ஈர சாட்சியா?" என்று கேட்டேன். பைதேவ் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன்.

கமிட்டி கொடுத்த அச்சிட்ட தாளைப் பபரி மேசையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு சிறிய காகிதப் பொட்டலம். அழுத்தமானியின் மரையிடுக்கில் சிக்கியிருந்ததாம். பிரித்தோம். உள்ளே ஒரே ஒரு மிளகு.

"சனிக்கிழமை நான் வைக்கும்போது அது மேல கச்சா எண்ணெய் அப்பிக் கெடந்துச்சு. திங்கக்கிழமை பாத்தா கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி பளபளன்னு இருக்கு. எலுமிச்சம்பழ வாசனை வேற."

பைதேவ் மெல்லுவதை நிறுத்தினார். "திகந்தா, நீ அந்தக் காலேஜ்லதானே டிப்ளமோ படிச்சே. அங்க யாராவது எதையாவது கழுவிப் பாத்திருக்கியா?"

"ரெண்டு வருஷத்துல டீ கிளாஸைக்கூடக் கழுவினதில்ல பைதேவ்."

"அப்போ இது காலேஜ் ஆள் செஞ்ச வேலையில்ல."

தாளை நான் பக்கத்தில் இழுத்துப் பார்த்தேன். கோடு மேலேறி, அங்கேயே நின்று, நுனியில் ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி ஏறி இறங்கிப் போயிருந்தது. பைதேவுக்குச் சமையல் தெரியாது. பபரிக்கு ஹாஸ்டல் சாப்பாடு. மூவரில் தினமும் அடுப்பு முன்னால் நிற்பவன் நான் மட்டும்தான்.

"இது விசில்," என்றேன். "அழுத்தம் ஏறுது, வெயிட் தூக்குது, புஸ்ஸுன்னு கொஞ்சம் எறங்குது, மறுபடி ஏறுது. இது குக்கர்."

இருவரும் என்னை மரியாதையோடு பார்த்தார்கள். எனக்கு அது பழக்கமில்லாததால் மேலே சொல்லிக்கொண்டே போனேன். பருப்புக்கு இத்தனை விசில் விட்டால் பாயசமாகிவிடும். ஆட்டுக்கறிகூட இவ்வளவு கேட்காது. மாக மாதக் குளிர், மிளகு, இத்தனை விசில் என்றால் நாஹர்ஜானில் அது ஒன்றுதான்: வெள்ளைப் பூசணிக்காய் போட்ட வாத்துக் குழம்பு.

"என் அழுத்தமானியை யாரோ வாத்தோட சேத்து வேக வெச்சிருக்காங்களா?" என்றாள் பபரி. சிரிப்பதா அழுவதா என்று அவளுக்கே தெரியவில்லை.

பைதேவ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோடு நூறு டிகிரியில் ஆரம்பிக்கிறதே, எந்தக் குக்கராவது பிறக்கும்போதே சூடாகப் பிறக்குமா என்று கேட்டார். அச்சு இயந்திரக் கோளாறாக இருக்கும் என்றேன். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். நான் அதை அப்போது பொருட்படுத்தவில்லை. நீங்கள் பொருட்படுத்தியிருந்தால் என் வேலைக்கு விண்ணப்பிக்கலாம்.

அழுத்தமானி முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நீளம். சாதாரண வீட்டுக் குக்கரில் அடங்காது. அது படுக்கிற அளவுக்கு ஊரில் ஒரே ஒரு குக்கர்தான் உண்டு. மகளிர் சமிதியின் விருந்துக் குக்கர். வீடு வீடாகச் சுற்றிவரும். ஞாயிற்றுக்கிழமை அது யார் வீட்டில் இருந்தது என்பது சமிதிச் செயலாளருக்குத் தெரியும். செயலாளர் பிரணிதா புகன், துறைத்தலைவரின் மனைவி.

கிளம்பும்போது பைதேவ் பபரியிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "கமிட்டியில படபடன்னு பதில் சொல்லாதே. முடிஞ்சவரை வாயை மூடிட்டு அவங்க மூஞ்சியப் பாரு. கிணத்துக்கு மட்டும்தான்னு நெனச்சுட்டியா அந்தப் பாடம்?"

*

குக்கர் புகன் சார் வீட்டு வராந்தாவிலேயே கவிழ்ந்து கிடந்தது. அதற்குள் ஒரு கன்றுக்குட்டியைக் குளிப்பாட்டலாம்.

பிரணிதா மாஹியின் குரல் அவருக்கு முன்னாலேயே வந்துவிடும். ஊரில் என் வயதுக்காரர்கள் எல்லோருக்கும் அவர் மாஹி, சித்தி முறை. எங்களை உட்காரவைத்து, தேநீரும் எள் பூரணம் வைத்த பிட்டாப் பலகாரமும் கொண்டுவந்து, சமிதிக்கு இந்தக் குக்கரைத் தானே தேர்ந்தெடுத்த கதையைச் சொன்னார். எல்லோர் வீட்டிலும் இதில் வாத்து வெண்ணெயாக வேகிறது என்றார். பைதேவ் தலையாட்டிக் கேட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை இது யாரிடம் இருந்தது என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமையா, நிறையப் பேர் கேட்டார்கள் என்றார் மாஹி.

பைதேவ் ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு கிணற்றை மூடினார்.

மாஹி பிட்டாவை எங்கள் பக்கம் நகர்த்தினார். மெத்தையைத் தட்டினார். இந்த வருடம் குளிர் அதிகம் என்றார். எண்ணெய்க் கிணற்றில் காஸ் எரிகிற சத்தம் இன்று ஜாஸ்தியாக இருக்கிறதே என்றார். முற்றத்துக் காக்கையை இரண்டு திட்டு திட்டினார். பைதேவ் மென்றுகொண்டே இருந்தார். நான் எனக்கு வைத்த பிட்டாவையும் பைதேவுக்கு வைத்த பிட்டாவையும் முடித்தேன்.

"சரி, நான்தான் எடுத்தேன்," என்றார் மாஹி. "அதுக்கு இப்போ என்னங்கறே?"

அப்புறம் நிறுத்த முடியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து எந்தக் குக்கர் வந்தாலும் வாத்து வேகவில்லை, குக்கரில் அழுத்தம் நிற்கவில்லை என்பதுதான் சாருடைய தீர்ப்பாம். கிழட்டு வாத்தாகப் பார்த்து வாங்கிவருகிறீர்கள் என்பது இவருடைய வாதம். வீட்டுக்குள் எவ்வளவோ பொறுத்தாராம். ஆனால் பிஹு பண்டிகை விருந்தில், சமிதிப் பெண்கள் அத்தனை பேர் முன்னாலும், இவர் தேர்ந்தெடுத்த குக்கரை ஓட்டை என்று சொல்லிவிட்டார் சார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

"பூமிக்குள்ள ரெண்டு மைல் ஆழத்துல என்ன அழுத்தம்னு சொல்ற சாமானை வெச்சுக்கிட்டு, அடுப்பு மேல இருக்கிற என் குக்கரைப் பத்தி வாய்க்கு வந்ததைச் சொல்வாரா? அளந்துட்டே சொல்லட்டுமேன்னு எறக்கிட்டேன்."

ராத்திரி சாருடைய சாவிக்கொத்தை எடுத்து, காலையில் நடைப்பயிற்சி போகும் வழியில் கருவியைக் கொண்டுவந்தாராம். சாம்பலும் எலுமிச்சையும் போட்டுத் தேய்த்து, வாத்துக்கும் பூசணித் துண்டுகளுக்கும் அடியில் படுக்கவைத்து மூடி, மாலையில் மறுபடி கழுவித் திருப்பி வைத்துவிட்டார். திங்கட்கிழமை சார் கோட்டைப் பார்த்துவிட்டு வந்து, குக்கர் நல்ல குக்கர் என்று வாயால் சொல்வார் என்று காத்திருந்தார். சார் வந்தார். ஒன்றுமே சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். வெட்கப்படுகிறார்போல என்று மாஹி நினைத்துக்கொண்டார்.

பைதேவ் தாளை எடுத்துக் காட்டினார். அழுத்தம் முழுசாக ஏறி நின்றிருந்தது. மாஹி அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"வாத்து நல்லா வெந்துச்சா?" என்று கேட்டார் பைதேவ்.

மாஹியின் முகம் சுருங்கியது. "அதான் புரியல. கல்லு மாதிரி இருந்துச்சு. கெழட்டு வாத்து மட்டுமில்ல, ஒத்தக்கால் வாத்து வேற. கரண்டி விட்டு அடி வரைக்கும் துழாவிட்டேன், இன்னொரு காலைக் காணோம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பைதேவ் சிரிக்கவில்லை. குக்கர் வேகும்போது வீட்டில் யார் இருந்தார்கள் என்று மட்டும் கேட்டார். மாஹி அடுப்பில் ஏற்றிவிட்டு நாம்கர் என்கிற பிரார்த்தனைக் கூடத்துக்குப் பாட்டுக்குப் போயிருந்தார். சார் மட்டும் வீட்டில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் பைதேவ் பபரியின் கதையைச் சொன்னார். மாஹிக்கு அது தெரியவே தெரியாது. எழுந்து உள்ளே போனவர், நல்ல மேகலா-சாதர் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

"நான் செஞ்சதுக்கு அந்தப் பொண்ணு தலையை உருட்டுறாங்களா? ஸ்கூட்டர்ல எடம் இருக்கா?"

இல்லைதான். ஆனாலும் மூன்று பேரும் போனோம்.

*

கமிட்டி அறையில் மூன்று பேர். மப்ளர் சுற்றிய புகன் சார். வெளியூரிலிருந்து தேர்வாளராக வந்திருந்த பேராசிரியர் திரிவேதி. ஸ்டோர் பொறுப்பாளர் சேதியா. பபரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தாள். சொன்னபடியே அவள் வாயைத் திறக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. அதனால் கமிட்டி பாதியில் திணறிக்கொண்டிருந்தது.

மாஹி நடுவில் போய் நின்று, நான்தான் எடுத்தேன், வாத்தோடு வேகவைத்தேன், இந்தப் பெண்ணை விடுங்கள் என்று சொல்லிவிட்டார். திரிவேதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். புகன் சார் முகத்தில் அதிர்ச்சியைவிட அவசரம்தான் தெரிந்தது. இது வீட்டு விவகாரம், வருந்துகிறேன், பபரிக்குச் சாவி விஷயத்தில் கவனக்குறைவுக்காக ஓர் எச்சரிக்கைக் கடிதம் மட்டும், கருவியின் நினைவை அழித்துவிட்டு இன்றைக்கே கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்று மூச்சு விடாமல் சொல்லி எழுந்தார்.

நான் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டேன். வழக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

"அழிக்கிறதுக்கு முன்னால ஒரு தடவை முழுசாப் பாத்துடலாம் சார்," என்றார் பைதேவ். "நீங்க அச்சடிச்சுக் குடுத்த தாள்ல கோடு சூடாவே ஆரம்பிக்குது. பச்சத் தண்ணியை அடுப்புல வெச்ச பகுதியக் காணோம்."

தேவையில்லை என்றார் சார். இவ்வளவு தூரம் பயணம் செய்து வந்ததே கோடு பார்க்கத்தான் என்றார் திரிவேதி. சேதியா அழுத்தமானியைக் கணினியில் இணைத்தார். சுவரில் கோடு விழுந்தது.

பச்சைத் தண்ணீரிலிருந்து நிதானமாக ஏறியது. இரண்டு விசில் விட்டது. பிறகு கிணற்றில் விழுந்த வாளியாகத் தலைகுப்புறக் கீழே போனது. மறுபடி ஏறியது, விசில் விட்டது, மறுபடி விழுந்தது. மூன்றாவது முறையும் அப்படியே. அதன் பிறகுதான் தாளில் நாங்கள் பார்த்த பகுதி.

பைதேவ் நாற்காலியில் உட்கார்ந்து வெற்றிலையை மடித்தார். அறையில் அழுத்தம் ஏறியது.

முதலில் உடைந்தவர் சேதியா. மதியத்தில் ஸ்டோருக்குள் பாய் விரித்துத் தூங்குவதுண்டு என்றார். அடுத்து திரிவேதி, ஆய்வேட்டில் முதல் அத்தியாயத்துக்கு மேல் தான் படிக்கவில்லை என்றார். பைதேவின் டப்பாவிலிருந்த தேங்காய் லாடுகளைத் தின்றது எலி அல்ல என்று நானும் சொல்லிவிட்டேன். என்னை யாரும் கேட்கவே இல்லை.

"ஒரே ஒரு துண்டுதான் எடுத்தேன்," என்றார் புகன் சார்.

மாஹி சுவரைப் பார்த்தார். "மூணு பள்ளம் இருக்கு."

"மொத துண்டு வேகல பிரணிதா. வெந்திருக்கான்னு பாக்கத்தான் ரெண்டாவது."

"மூணாவது?"

சார் மப்ளரைச் சரிசெய்தார்.

"ஒத்தக்கால் வாத்து," என்றார் மாஹி மெதுவாக. "ஒவ்வொரு தடவையும் நீங்க தொறந்து தொறந்து தின்னுட்டு, வேகல, குக்கர் ஓட்டைன்னு என்னைச் சொல்லியிருக்கீங்க."

திரிவேதி கைக்குட்டைக்குள் சிரித்தார். சேதியா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் வெளிப்படையாகவே சிரித்தேன்.

பபரி சிரிக்கவில்லை. பைதேவ் கையிலிருந்த தாளை வாங்கிச் சுவரோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். மூன்றாவது பள்ளம் முடிகிற இடத்தில் தாள் ஆரம்பித்தது. ஒரு மயிரிழை முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இது என்ன கோடு என்று தெரியாதவருக்கு, எங்கே வெட்ட வேண்டும் என்றும் தெரியாது. அவளுக்கு அது புரிந்துவிட்டது. ஏதோ கேட்க வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். மூடிவிட்டு, தன் ஆசிரியரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இந்த மௌனம் வேறு மாதிரி இருந்தது. என் சிரிப்பு பாதியில் நின்றுபோனது.

"திங்கக்கிழமை பாத்த ஒடனே தெரிஞ்சுடுச்சும்மா," என்றார் சார் கடைசியில். "முப்பது வருஷமா இந்தக் கோட்டைத்தானே பாடம் எடுக்கிறேன். வீட்டுல தெரிஞ்சா மானம் போயிடும்னு வெட்டிட்டேன். கமிட்டின்னு போட்டா ரெண்டு நாள் பேசிட்டு விட்டுடுவாங்கன்னு நெனச்சேன். விடல. அப்பவும் நான் வாயத் தொறக்கல."

"ரெண்டு வருஷம் சார்," என்றாள் பபரி. அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்கு அந்த மனிதர்மேல் கோபமாக வந்தது. ஒரு வாத்துக் காலுக்காக ஒரு பெண்ணின் பட்டத்தைக் காவு கொடுக்கப் பார்த்திருக்கிறார். மாஹி எழுந்துபோய்ப் பபரியின் பக்கத்தில் நின்றுகொண்டார். எச்சரிக்கைக் கடிதமெல்லாம் கிடையாது என்றார் சார். இந்த மாணவிக்கு இன்று தேர்வு வைக்கிற தகுதி எனக்கில்லை, நீங்களே நடத்துங்கள் என்று திரிவேதியிடம் சொல்லிவிட்டு வெளியே பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

திரிவேதி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சுவரைக் காட்டி, இதைப் படி என்றார்.

பபரி படித்தாள். ஒவ்வொரு முறை திறந்து மூடிய பிறகும் அழுத்தம் முன்னைவிடச் சீக்கிரம் ஏறுகிறது. அடுப்புத் தீ ஒன்றுதான். அப்படியானால் உள்ளே இருக்கிற சரக்கு குறைந்துகொண்டே வருகிறது. முதல் பள்ளத்தில் சிறிய துண்டு, இரண்டாவதில் கொஞ்சம் பெரியது. மூன்றாவது பள்ளத்துக்குப் பிறகு கோடு துள்ளி ஏறுகிறது.

"அங்கதான் சார் கால் போயிருக்கு," என்றாள்.

கணக்கில் பிழை எவ்வளவு இருக்கும் என்று கேட்டார் திரிவேதி. எலும்பைத் திருப்பி உள்ளே போட்டாரா இல்லையா என்பதைப் பொறுத்தது என்றாள் அவள். வெளியே பெஞ்சிலிருந்து, போடவில்லை என்று ஒரு குரல் வந்தது.

பபரி தேறிவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாஹி வீட்டில் எங்களுக்கு விருந்து. வாத்தை மாஹியே சந்தைக்குப் போய் வாங்கிவந்தார். குக்கரை வராந்தா நடுவில் அடுப்போடு வைத்துவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொண்டோம். கடைசி விசில் வரை யாரும் அதைத் தொடவில்லை. வாத்து வாயில் வைத்ததும் கரைந்தது. இந்த வாத்துக்கு இரண்டு கால்கள் இருந்தன. மாஹி இரண்டையும் பபரியின் தட்டில் வைத்தார்.

புகன் சார் பூசணிக்காயை எடுத்துப் போட்டுக்கொண்டு, இன்றைக்கு நன்றாக வெந்திருக்கிறது என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. மாஹி சாதத்தைப் பிசைந்தார். பபரி காலைக் கடித்தாள். பைதேவ் மிளகை ஓரமாக ஒதுக்கினார். சார் ஒரு வாய் சாப்பிட்டார், தண்ணீர் குடித்தார், எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"குக்கர் நல்ல குக்கர்," என்றார்.